இரண்டு முறை படிக்கும் வரி

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் காலை ஆறரைக்கு நான் உட்கார்ந்தால் எட்டு மணி வரை யாரும் கூப்பிடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவன் நான். மதிப்பவர் யாரும் இல்லை. காபி கொண்டுவந்து வைக்கும்போதே, மோட்டார் ஓடவில்லை, பால் பாக்கெட் வரவில்லை என்று இரண்டு செய்திகளையாவது சேர்த்து வைத்துவிட்டுத்தான் என் மனைவி கீழே இறங்குவாள்.

எட்டு மணிக்கு மேல் சென்னைக் கம்பெனியின் சம்பள வேலை. அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரம் சம்பளம் இல்லாத வேலை. உலகம் முழுக்கப் பல பேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருக்கிற ஓர் இயங்குதளத்தில், ஒரு பழைய நெட்வொர்க் கார்டின் டிரைவருக்கு நான் பொறுப்பு. டிரைவர் என்றால் கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று பேச்சை நடத்தி வைக்கிற நிரல். அதில் ஒரு வரியை மாற்ற நினைப்பவர், அந்த மாற்றத்தை ‘பேட்ச்’ என்று மெயிலில் எழுதி, எல்லோரும் பார்க்கிற ஒரு பட்டியலுக்கு அனுப்ப வேண்டும். நான் படித்துப் பார்த்துச் சரியென்று பட்டால் ‘பார்த்தேன்’ என்று என் பெயரைப் போடுவேன். கார்டில் ஓட்டியும் பார்த்திருந்தால் ‘சோதித்தேன்’ என்று இன்னொரு வரி சேர்ப்பேன். இந்த வரிகளைப் பிறகு யாரும் அழிக்க முடியாது. போட்டவனே நினைத்தாலும் முடியாது.

எனக்கு வருகிற பேட்ச்களில் முக்கால்வாசி சுத்தம் செய்கிற பேட்ச்கள். காலி இடத்தை எடுத்தேன், யாரும் பயன்படுத்தாத பகுதியை நீக்கினேன், பெயரை அழகாக்கினேன் என்று வரும். இவற்றைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். வீடு பெருக்க வந்தவர்கள் அலமாரியில் இருக்கிற மாத்திரையைக் குப்பை என்று கூட்டித் தள்ளுவது போல, கார்டையே கண்ணால் பார்க்காதவர்கள் டிரைவரைச் சுத்தம் செய்வார்கள். பதில் எழுதும்போது நான் இனிமையானவன் இல்லை. “இதனால் யாருக்கு என்ன லாபம்?” என்ற கேள்வியை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட என்னிடம் ஒரு நாள் பதினொரு பேட்ச்கள் கொண்ட ஒரு கட்டு வந்தது. அனுப்பியவர் ஒரு பெண். பட்டியலுக்குப் புதியவர். மெயிலின் நேரக் குறிப்பிலிருந்து இந்தியாவில் இருக்கிறார் என்று மட்டும் தெரிந்தது. வழக்கமான எரிச்சலோடுதான் திறந்தேன். முதல் பேட்ச் நன்றாக இருந்தது. இரண்டாவதும் நன்றாக இருந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏன் என்று இரண்டே வரியில் காரணம் எழுதியிருந்தார். முகப்பில், “என்னிடம் இந்தக் கார்டு இல்லை. கம்பைல் மட்டுமே செய்து பார்த்தேன். கார்டு வைத்திருப்பவர் யாராவது ஓட்டிப் பார்த்துச் சொன்னால் நன்றி” என்று ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தார். கம்பைல் என்றால் எழுதிய நிரலைக் கம்ப்யூட்டர் ஓட்டுகிற வடிவத்துக்கு மாற்றுவது, கார்டில் ஓடும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. இந்தப் பத்து வருடத்தில் இப்படிக் கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

ஏழாவது பேட்ச்தான் இந்தக் கதை. டிரைவரில் ஓர் இடத்தில், கார்டின் ஒரு ரெஜிஸ்டரை, அதாவது கார்டு தன் நிலைமையை எழுதி வைக்கிற ஒரு சின்னக் கட்டத்தை, அடுத்தடுத்து இரண்டு முறை படிக்கும் வரிகள் இருந்தன. இரண்டும் அச்சு அசலாக ஒரே வரி. முதலில் படித்த மதிப்பை யாரும் பயன்படுத்தவில்லை. அவர் ஒன்றை எடுத்துவிட்டு, கீழே இப்படிக் கேட்டிருந்தார்: “இது வேண்டுமென்றே இரண்டு முறை எழுதப்பட்டதா? அப்படியானால் இந்த ஒரு பேட்சை விட்டுவிடுகிறேன்.”

எனக்கும் தெரியவில்லை. எனக்கு முன்னால் பொறுப்பில் இருந்த யாரோ எழுதியது. கட்டத்துக்குப் பெயர் போடாமல் வெறும் எண்ணைப் போட்டிருந்தார், விளக்கமும் இல்லை. தெரியாது என்று எழுதியிருக்கலாம். கார்டில் ஓட்டிப் பார்த்துவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். அறை மூலையில் அந்தக் கார்டு மாட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றை இதற்காகவே வைத்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை பதினொன்றையும் சேர்த்து, புது டிரைவரைக் கம்பைல் செய்து முடித்தேன். இனி ஒரு வேலை பாக்கி. கம்ப்யூட்டர் எழும்போது தனக்கு வேண்டிய டிரைவர்களை ஒரு மூட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளும். புது டிரைவரை வைத்து அந்த மூட்டையை மறுபடி கட்ட வேண்டும். அதற்குள் கரண்ட் போய்விட்டது. மாதாந்திரப் பராமரிப்பு நாள் என்பதை மறந்திருந்தேன். கீழே போய்ச் சாப்பிட்டேன், பேப்பர் படித்தேன், கொஞ்சம் கண்ணயர்ந்தேன். மத்தியானம் கரண்ட் வந்ததும் அந்தக் கம்ப்யூட்டர் தானே எழுந்து உட்கார்ந்திருந்தது. சரி, புது டிரைவரோடு எழுந்துவிட்டது என்று நினைத்துச் சோதிக்க ஆரம்பித்தேன்.

நன்றாகத்தான் சோதித்தேன். அதை இன்றைக்கும் சொல்வேன். இரண்டு மணி நேரம் தகவலை அனுப்பினேன், வாங்கினேன். கேபிளைப் பிடுங்கினேன், மாட்டினேன். பிடுங்கியதும் இணைப்பு போனது, மாட்டியதும் வந்தது. பதினொன்றுக்கும் ‘பார்த்தேன்’, ‘சோதித்தேன்’ என்று பெயரைப் போட்டேன். ஏழாவதுக்குத் தனியாக, “கேபிளைக் கழற்றி மாட்டியும் பார்த்தேன், பிரச்சினை இல்லை” என்று எழுதினேன். அத்தோடு நிறுத்தாமல், சுத்தம் செய்ய நினைப்பவர்கள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி போட்டேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு வந்ததே பட்டியலில் பேசுபொருள் ஆனது.

அந்தப் பெண் நன்றி சொல்லித் தனி மெயில் போட்டார். எந்த ஊர் என்று கேட்டேன். விழுப்புரம் என்றார். உலகம் சுற்றி வந்த பேட்ச் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து கிளம்பியிருக்கிறது! போன் நம்பர் கொடுத்தேன். அன்றே கூப்பிட்டார்.

“சார், திண்டிவனமா நீங்க? நான் யாரோ வெளிநாட்டுல இருக்கறவருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

“நானும் உங்களை பெங்களூர்னு நெனச்சேன் மேடம்.”

பேசியதில் தெரிந்தது: பதிமூன்று வருடம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தியவர். மாணவர் சேர்க்கை குறைந்து துறையையே மூடிவிட்டார்கள். வேறு கல்லூரிகளில் கேட்டுப் பார்த்துச் சலித்துப்போய், வீட்டிலிருந்து செய்யும் நிரல் வேலை தேடிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் புதிதாக வருகிறவரை யார் நம்புவார்கள்? பட்டியலில் தன் பெயரில் ஏறுகிற வேலைதான் சாட்சி என்று முடிவு செய்து, ஆறு மாதம் படித்துவிட்டு என் டிரைவருக்கு வந்திருந்தார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது. என் டிரைவரை மதித்து வந்தார் என்பதும் அந்த மரியாதையில் கொஞ்சம் கலந்திருந்தது.

பேட்ச்கள் ஏறின. இரண்டு மாதம் கழித்துப் பட்டியலுக்கு ஒரு புகார் வந்தது. எங்கோ ஒரு குளிர்நாட்டில் ஒரு பள்ளியின் பழைய கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர் எழுதியிருந்தார். புதிய பதிப்பு போட்டதிலிருந்து, கேபிள் ஒருமுறை கழன்றுவிட்டால் திரும்ப மாட்டினாலும் இணைப்பு வருவதில்லை, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால்தான் வருகிறது என்றார். பொறுமையாக ஒவ்வொரு பேட்சாக நீக்கிப் பார்த்து, ஏழாவதுதான் காரணம் என்று கண்டுபிடித்தும் இருந்தார்.

எனக்கு மேலே இருக்கிற பொறுப்பாளர் அன்றே ஏழாவது பேட்சை ரத்து செய்தார். ரத்து செய்யும்போது எந்த மாற்றத்தால் கெட்டது, அதை யார் எழுதியது என்று குறிப்பிடுவது வழக்கம். அந்தப் பெண்ணின் பெயர் ஏறியது. கூடவே ஒரு மெயில்: கார்டு இல்லாதவர்கள் டிரைவரைத் தொட்டால் இதுதான் நடக்கும், அடுத்த முறை அனுப்புவதற்கு முன்னால் கார்டின் கையேட்டைப் படிக்கவும். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய ஆள் என்ற சலுகை.

அன்று வெள்ளிக்கிழமை. மாலையில் அந்தப் பெண் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

“சார், நீங்க டெஸ்ட் பண்ணப்போ நல்லாதானே இருந்துச்சு?”

“நல்லாதான் இருந்துச்சு மேடம்.”

“கேபிள எடுத்து மாட்டிப் பாத்தீங்கதானே?”

“அஞ்சாறு தடவை பாத்தேன்.”

“அப்ப நான்தான் சார் எங்கியோ கோட்ட வுட்டுருக்கேன். இன்னா பண்ணேன்னே புரியல, ஒரே பேஜாரா இருக்கு.” பிறகு இதையும் சொன்னார்: “அடுத்த வாரம் ஒரு கம்பெனில கடைசி ரவுண்டு இண்டர்வியூ சார். பட்டியல்ல என் பேர்ல இருக்கறதெல்லாம் பாப்பாங்க. இதையும் பாப்பாங்கதானே?”

பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். “அதெல்லாம் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க மேடம்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதே கம்ப்யூட்டரில் அதே பதினொன்றையும் மறுபடி போட்டேன். இந்த முறை மூட்டையையும் ஒழுங்காகக் கட்டினேன். கேபிளைப் பிடுங்கினேன். மாட்டினேன். இணைப்பு வரவில்லை. ஒரு நிமிடம் பார்த்தேன், பத்து நிமிடம் பார்த்தேன். புகாரில் சொன்னபடியே கார்டு செத்துக் கிடந்தது.

அப்படியானால் அந்தச் சனிக்கிழமை எப்படி ஓடியது? எந்த நாளில் எந்தப் பதிப்பு டிரைவர் ஏறியது என்று கம்ப்யூட்டர் எழுதி வைக்கிற குறிப்பைத் திறந்தேன். சனிக்கிழமை மத்தியானம் ஏறியிருந்தது பழைய டிரைவர். கரண்ட் போனதற்கு முன்னால் மூட்டையை நான் கட்டவே இல்லை. அவருடைய மாற்றம் ஒன்றுகூட இல்லாத பழைய டிரைவரை இரண்டு மணி நேரம் சோதித்துவிட்டு, புதியது நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு. ஆனால் எல்லோரும் அதை இன்னொருவர் தலையில் வைப்பதில்லை.

ஏழாவது பேட்ச் தொட்ட கட்டத்தின் எண்ணைக் கார்டின் கையேட்டில் தேடிப் பார்த்தேன். கேபிள் இணைந்திருக்கிறதா என்று சொல்கிற கட்டம். இடையில் ஒருமுறை கேபிள் கழன்றிருந்தால், அடுத்து யாராவது படிக்கிற வரை ‘கழன்றது’ என்பதையே பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். தூக்கத்திலிருந்து எழுப்பியவரிடம் கேட்பது போலத்தான். முதல் பதில் உளறல், இரண்டாம் பதில்தான் நிஜம். கேபிள் அசையும்போது மட்டும்தான் டிரைவர் அதைப் படிக்கும், பிறகு திரும்பிப் பார்க்காது. அதனால்தான் எழுதியவர் இரண்டு முறை படித்திருக்கிறார். நெட்வொர்க் டிரைவரைத் தொடுகிற எவரும் அறிந்திருக்க வேண்டிய சங்கதி இது. பொறுப்பில் உட்கார்ந்திருக்கிற நான் கையேட்டின் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. அவர் கேட்டார், நான் தப்பான பதிலைச் சொன்னேன். நடந்தது அவ்வளவுதான்.

இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியவும் வராது. குறிப்பு என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. மறைக்க வேண்டும் என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. அதை உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் உடனே எழுதவும் இல்லை.

முதலில் எழுதியதில் குற்றவாளி மின்வெட்டு. படித்துப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது, அழித்தேன். அடுத்ததில் கார்டின் கையேடு, பெயர் போடாமல் எண்ணைப் போட்ட முன்னவர், விளக்கம் எழுதுவதன் அவசியம் என்று ஒரு பாடமே நடத்தியிருந்தேன். நான் செய்தது பதினாலாவது வரியில் வந்தது. திங்கட்கிழமை பிரம்மதேசத்தில் மச்சான் வீட்டுக் காதுகுத்து. அங்கே பந்தியில் உட்கார்ந்துகொண்டும் மனதுக்குள் வாக்கியம் போட்டுக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை கம்பெனி வேலை கழுத்தைப் பிடித்தது. இண்டர்வியூ அடுத்த வாரம் என்றுதானே சொன்னார், வாரம் என்றால் வெள்ளி வரை நாள் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எந்த நாள் என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் எதற்கு என்று கேட்பார். அதனால் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காபி கொண்டுவந்த மனைவி திரையை எட்டிப் பார்த்தாள். அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன்.

“இன்னும் அதயேதான் எழுதிக்கினு இருக்கீங்களா? தப்பு பண்ணேன்னு சொல்ல எத்தினி நாளு? ஜல்தியா அனுப்பிட்டு வாங்க, தோசை ஆறுது.”

கோபம் வந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததால் வந்த கோபம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஐந்து வரி எழுதினேன். நான் சோதித்தது பழைய டிரைவரை. புதியதைச் சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டது என் தப்பு. அனுப்பியவர் தன்னிடம் கார்டு இல்லை என்று சொல்லி, இந்த வரி வேண்டுமென்றே எழுதப்பட்டதா என்று கேட்கவும் செய்தார். தப்பாகப் பதில் சொன்னது நான். அவர் மேல் பிழை இல்லை. எட்டு மணிக்கு முன்னால் அனுப்பினேன். மேலே இருக்கிற பொறுப்பாளர் ஒரு மணி நேரத்தில் பதில் எழுதி, அந்தப் பெண்ணிடம் வருத்தம் தெரிவித்தார். நல்ல மனிதர்தான், கொஞ்சம் அவசரக்காரர். தோசை உண்மையிலேயே ஆறியிருந்தது. ஆனால் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். “மெயில் பாத்தேன் சார், ரொம்ப தேங்க்ஸ்” என்றார். இரண்டு முறை படிக்கிற அந்த வரிகளுக்கு மேலே ஒரு விளக்கம் எழுதி பேட்ச் போடப் போகிறேன், கார்டை எடுத்துக்கொண்டு விழுப்புரம் வருகிறேன், நீங்களே சோதித்து உங்கள் பெயரைப் போடுங்கள் என்றேன். வாங்க என்றார்.

சனிக்கிழமை கார்டை ஒரு துணிப்பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். விழுப்புரத்தில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. அவர் கணவருக்கு அன்று ரயில்வே ஸ்டேஷனில் டியூட்டி. கூடத்தில் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார். வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு தட்டில் இருந்தது.

“எடுத்துக்கோங்க சார். தோல இந்தப் பேப்பர்ல போடுங்க, இல்லாட்டி கம்ப்யூட்டர் ஃபேனுக்குள்ள பூந்துரும்.”

கார்டை அவரே மாட்டினார். என் பேட்சை எடுத்துக் கம்பைல் செய்தார், மூட்டை கட்டினார், கம்ப்யூட்டரை மறுபடி எழுப்பினார். எழுந்ததும் முதல் வேலையாக எந்தப் பதிப்பு ஏறியிருக்கிறது என்று கேட்டு, வந்த எண்ணை, கம்பைல் செய்தபோது தாளில் குறித்து வைத்த எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார். என்னைக் குத்திக்காட்டச் செய்யவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தார். நான் மல்லாட்டைத் தோலை உரிப்பதில் மும்முரமானேன்.

பிறகு கேபிளைப் பிடுங்கி மாட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு கோடு போட்டார். ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போடும்போது, திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“சார், அது பழைய டிரைவர்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சது?”

மெயிலில் அதை நான் எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. புதன்கிழமை சாயங்காலம் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். நாக்கு நுனி வரை வந்தது.

“ஞாயித்துக்கிழமை மேடம்.”

அவர் கை கேபிளில் அப்படியே நின்றது.

“இண்டர்வியூ புதன்கிழமை சார்” என்றார். “காலையில பத்தரைக்கு. மொதோ கேள்வியே அதுதான். இந்த ஏழாவது பேட்ச் ஏன் ரத்தாச்சுன்னு கேட்டாங்க. கார்டுல ஓட்டிப் பாத்தவரு நல்லாருக்குன்னு சொன்னாரு, அதனால என் தப்பாதான் இருக்கும், எங்கன்னு இன்னும் தேடிக்கினு இருக்கேன்னு சொன்னேன். நேத்து இல்லன்னு மெயில் வந்துருச்சு.”

“நான் அவங்களுக்கு எழுதுறேன் மேடம். இன்னிக்கே எழுதுறேன்.”

“வேணாம் சார். இதுக்காகத்தான் இல்லன்னாங்கன்னும் நிச்சயமா தெரியாது. வேற ஏதாவதும் இருக்கலாம்.”

மறுபடி கேபிளைப் பிடுங்கினார். மாட்டினார். கோடு போட்டார். இருபது வரை போனார், ஒன்றைக்கூட விடவில்லை. எல்லா முறையும் இணைப்பு வந்தது. அதன் பிறகு ‘சோதித்தேன்’ என்று தன் பெயரைத் தட்டி, பட்டியலுக்கு அனுப்பினார். கார்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சரி சார் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. விக்கிரவாண்டி வந்தது, போனது. புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு அவர் என் தப்பைத் தன் தப்பென்று சொல்லிக்கொண்டிருந்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கம்பெனி மீட்டிங்கில் காதைக் கொடுத்துவிட்டு, அந்த மெயிலைத் திறந்து வைத்து, ‘வருந்துகிறேன்’ என்ற சொல்லை முதல் வரியில் வைத்தால் நன்றாக இருக்குமா, கடைசி வரியில் வைத்தால் நன்றாக இருக்குமா என்று மாற்றி மாற்றிப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.